தொண்டைப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கழுத்துச் சீரமைப்பு: நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் ஒரு வழிகாட்டி

தொண்டைப் புற்றுநோய்க்காகக் குரல்வளையையும் அதன் பின்புறம் உள்ள விழுங்கு பாதையின் ஒரு பகுதியையும் அகற்றும்போது, வாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலான தொடர்பு அறுபட்டுப் போகிறது. ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை ஊறும் எச்சில், உணவு உண்டாலும் உண்ணாவிட்டாலும் அவ்வழியாகவே இறங்கும். மறுபடி இணைத்த அந்தப் பாதையில் சிறு ஓட்டை இருந்தாலும் எச்சில் கழுத்துக்குள் கசிந்து, மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெரிய தமனியின் சுவரை அரித்துவிடக்கூடும். ஆகவே சீரமைப்பு அறுவையின் முதல் நோக்கம், எச்சிலுக்கும் அந்தத் தமனிக்கும் இடையே இரத்த ஓட்டமுள்ள உயிர்த்திசுவால் ஒரு சுவரை எழுப்புவதாகும். விழுங்குதல், பேச்சு, கழுத்தின் தோற்றம் ஆகியவை அதற்கு அடுத்தே வருகின்றன. இந்த வரிசை மனத்தில் பதிந்துவிட்டால், அறுவைக்கு முன்னும் பின்னும் விதிக்கப்படும் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தானே விளங்கும்: ஒட்டிய திசுவுக்கு இரத்தம் தடையின்றிச் செல்ல வேண்டும், தையல் வழியே எச்சில் கசியக் கூடாது.

கீழே சொல்லப்படுபவை பொதுவான நடைமுறைகள். உங்கள் அறுவைக் குழு வேறுவிதமாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். எது எவ்வளவு வெட்டப்பட்டது, எங்கே தைக்கப்பட்டது என்பதை அறிந்தவர்கள் அவர்களே.

எந்த வகைச் சீரமைப்பு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

குரல்வளை மட்டும் அகற்றப்பட்டு, விழுங்கு பாதையின் சளிச்சவ்வு போதிய அளவு மிஞ்சியிருந்தால், அதையே குழாயாக மடித்துத் தைத்துவிடுவார்கள். வேறிடத்துத் திசு தேவைப்படாது. ஆனால் முன்பே கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவருக்கு இந்தத் தையல் ஆறுவது கடினம். கதிர்வீச்சு பட்ட திசுவில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கிப் போயிருக்கும் என்பதால், சளிச்சவ்வு போதிய அளவு இருந்தும்கூட, நெஞ்சிலிருந்து ஒரு தசையைக் கொண்டுவந்து தையலின் மேல் போர்த்துவது பல மையங்களில் வழக்கமாக உள்ளது. "தைத்துவிட்டீர்களே, பிறகு ஏன் நெஞ்சில் வெட்டு?" என்று வியக்கும் குடும்பத்தாருக்கு இதுவே பதில்.

பாதையின் முன்சுவரோ பக்கச்சுவரோ மட்டும் போயிருந்தால் ஒட்டுப்போடுவது போதும். சுற்றுச்சுவர் முழுவதும் போயிருந்தால் புதிதாக ஒரு குழாயையே உருவாக்கியாக வேண்டும். அதற்குத் தொடையின் முன்-வெளிப்பக்கத் தோலையோ முன்கைத் தோலையோ சுருட்டிக் குழாயாகத் தைப்பார்கள், அல்லது சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்து வைப்பார்கள். கழுத்தில் சிறுகுடலைப் பொருத்தும் முயற்சியை அமெரிக்காவில் சைடன்பர்க் குழுவினர் 1959இல் வெளியிட்டார்கள். முன்கைத் தோலைப் பயன்படுத்தும் முறை 1981லும், தொடைத்தோல் முறை 1984லும் சீன மருத்துவர்களால் வெளியிடப்பட்டன. உணவுக்குழாயையும் சேர்த்து எடுக்க நேர்ந்தால், இரைப்பையையே மார்பு வழியாக மேலே இழுத்துத் தொண்டையில் இணைக்கிறார்கள். இது வயிறு, மார்பு, கழுத்து மூன்றையும் தொடும் பெரிய அறுவை.

இடம் மாற்றப்படும் இந்தத் திசுவை மருத்துவமனையில் ஃபிளாப் என்பார்கள். அதில் இரண்டு வகை உண்டு. நெஞ்சுத்தசை ஃபிளாப், தன் இரத்தக் குழாயைக் காம்பாக வைத்துக்கொண்டே காறையெலும்புக்கு மேலாகத் திருப்பிக் கழுத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. 1979இல் ஸ்டீபன் ஆரியன் விவரித்த இம்முறை இன்றும் உலகெங்கும் நம்பிக்கைக்கு உரியதாக இருக்கிறது. ஃப்ரீ ஃபிளாப் எனப்படுவது முற்றிலும் துண்டிக்கப்பட்டு, கழுத்தில் உள்ள தமனியோடும் சிரையோடும் நுண்ணோக்கியின் உதவியால் இணைக்கப்படுவது. வேரோடு பெயர்த்து வேறு மண்ணில் நட்ட செடிக்கு உள்ள ஆபத்துக் காலம் இதற்கும் உண்டு. எது உயர்ந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. நீண்ட மயக்கத்தைத் தாங்க முடியாத இதய நோயாளிக்கும், கழுத்து இரத்தக் குழாய்கள் ஏற்கெனவே சிதைந்தவருக்கும் நெஞ்சுத்தசையே நல்ல தேர்வாக இருக்கலாம். மெல்லிய, வளையக்கூடிய குழாய் தேவைப்படுபவருக்கு ஃப்ரீ ஃபிளாப் நல்ல விழுங்கலைத் தரும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதிக்கொண்டு செல்லுங்கள். திசு எங்கிருந்து எடுக்கப்படும், எடுத்த இடம் எப்படி மூடப்படும், குரல் மீட்புக் கருவி இப்போதே வைக்கப்படுமா பிறகா, வாய்வழி உணவு ஏறத்தாழ எந்த நாளில் தொடங்கும் என்பவை எல்லோரும் கேட்பவை. பலர் கேட்க மறப்பது ஒன்று உண்டு: இரவு இரண்டு மணிக்கு ஃபிளாப்பின் நிறம் மாறினால் யார் பார்ப்பார், எவ்வளவு நேரத்தில் மறுபடி அறுவை அரங்குக்குக் கொண்டு செல்ல முடியும்? ஃப்ரீ ஃபிளாப் செய்துகொள்பவருக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்றே சொல்வேன்.

அறுவைக்கு முன்னுள்ள வாரங்கள்

புகைத்தலை உடனே நிறுத்துங்கள். குறைந்தது நான்கு வாரம் முன்னதாக நிறுத்துவது காயம் ஆறுவதற்கும் நுரையீரலுக்கும் தெளிவாக உதவும். நிக்கோட்டின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. மெல்லும் புகையிலையிலும் மின்சிகரெட்டிலும் அதே நிக்கோட்டின்தான் இருக்கிறது. நிக்கோட்டின் ஒட்டுப்பட்டையோ சூயிங்கமோ பயன்படுத்துவதாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். புற்றுநோய் அறுவையை வாரக்கணக்கில் தள்ளிவைக்க இயலாத நிலையில், கிடைக்கும் பத்து நாளானாலும் நிறுத்துவது நிறுத்தாமல் இருப்பதைவிட மேல். நாள்தோறும் மது அருந்துபவர் அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்; திடீரென நின்றால் அறுவைக்குப் பிந்தைய இரண்டு, மூன்றாம் நாட்களில் குழப்பமும் நடுக்கமும் ஏற்பட்டு, நோயாளி குழாய்களைப் பிடுங்கிவிட நேரலாம்.

உடல் எடை அடுத்த பெரிய விஷயம். தொண்டைப் புற்றுநோயாளிகள் பலர் விழுங்க முடியாமல் இளைத்தே மருத்துவமனைக்கு வருகிறார்கள். ஆறு மாதத்தில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் அறுவைக்கு முன்பே மூக்குவழிக் குழாயிலோ வயிற்றுவழிக் குழாயிலோ உணவு கொடுக்கத் தொடங்குவார்கள். நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 25 முதல் 30 கலோரியும், 1.2 முதல் 1.5 கிராம் புரதமும் என்பது பொதுவான இலக்கு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 75 கிராம் புரதம் என்று கணக்கிடலாம். ஆனால் பல நாட்களாக ஏறக்குறைய ஒன்றுமே உண்ணாதவருக்கு முதல் நாளே முழு அளவு கொடுப்பது ஆபத்து. இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டெனச் சரிந்து இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால், உணவின் அளவை மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே உயர்த்த வேண்டும்.

முன்கைத் தோலை எடுக்கத் திட்டமிருந்தால், பெரும்பாலும் அதிகம் பயன்படுத்தாத கையையே தேர்வு செய்வார்கள். முதலில் ஒரு சிறு சோதனை நடக்கும்: விரல்களை மடக்கிக் கையை இறுக மூடச் சொல்லி, மணிக்கட்டின் இரு தமனிகளையும் அழுத்தி, பிறகு சுண்டுவிரல் பக்கத்துத் தமனியை மட்டும் விடுவிப்பார்கள். வெளுத்த உள்ளங்கை சில நொடிகளில் சிவந்தால், மற்றத் தமனியை எடுத்தாலும் கைக்கு இரத்தம் போதும் என்று பொருள். தேர்வான கையில் இரத்தம் எடுக்கவோ ஊசி ஏற்றவோ அனுமதிக்காதீர்கள். அவசரத்தில் அந்தக் கையைப் பிடிக்கும் எவரிடமும் இதைச் சொல்லும் பொறுப்பு உடனிருப்பவருடையது.

அறுவைக்குப் பின் கதிர்வீச்சு வரக்கூடும் என்பதால், சொத்தைப் பற்களை இப்போதே பார்த்துவிட வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள், மூலிகை மருந்துகள் உட்பட உட்கொள்ளும் எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் கொடுங்கள். சர்க்கரை நோய் கட்டுக்குள் இருக்கட்டும். குரல்வளை முழுவதும் அகற்றப்படுமானால் மயக்கம் தெளிந்ததும் பேச்சு வராது. எழுதுபலகை, கைபேசியில் தட்டச்சு, சில கைச் சைகைகள் என முன்கூட்டியே பழகிவைத்துக்கொள்வதும், விருப்பமிருந்தால் குரலைப் பதிவு செய்துகொள்வதும் நல்லது.

முதல் மூன்று நாள்

ஃப்ரீ ஃபிளாப்பில் இரத்தக் குழாய் அடைப்பு ஏற்படுமானால் பெரும்பாலும் முதல் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஏற்படும். அதனால்தான் முதல் நாளில் ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை வந்து பார்க்கிறார்கள். தூக்கம் கலைகிறதே என்று செவிலியரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அனுபவமுள்ள மையங்களில் 100 ஃபிளாப்புகளில் 95க்கு மேல் பிழைக்கின்றன என்றால், அதற்கு இந்த விடாத கண்காணிப்பும் ஒரு காரணம்.

வெளியே தெரியும் ஃபிளாப் இளஞ்சிவப்பாகவும் வெதுவெதுப்பாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டும். விரலால் மெல்ல அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு, மூன்று நொடிகளில் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். வெளுத்துக் குளிர்ந்து, நிறம் திரும்பத் தாமதமானால் தமனி வழியே இரத்தம் வரவில்லை. நீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ மாறி, வீங்கி, அழுத்தினால் உடனே நிறம் திரும்பினால் சிரை வழியே இரத்தம் வெளியேறவில்லை. ஃப்ரீ ஃபிளாப்புகளில் இதுவே அதிகம் காணப்படுகிறது. அழுத்திப் பார்ப்பதைச் செவிலியரிடம் விட்டுவிடுங்கள். நிறமாற்றத்தைக் கண்டால் அடுத்த சுற்றுக்குக் காத்திராமல் உடனே அழைப்பது மட்டுமே உங்கள் வேலை. அடைப்பைச் சில மணி நேரத்துக்குள் திறந்துவிட்டால் ஃபிளாப்பைக் காப்பாற்ற முடியும். தொண்டைக்குள் முழுதும் மறைந்திருக்கும் ஃபிளாப்பைக் கண்ணால் காண இயலாது. அதற்காகச் சில வேளைகளில் ஒரு சிறு தோல்துண்டைக் கழுத்துக்கு வெளியே விட்டுவைப்பார்கள், அல்லது இரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்க டாப்ளர் கருவியைப் பயன்படுத்துவார்கள்.

கழுத்தைச் சுற்றி எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது என்பது இந்நாட்களின் தலையாய விதி. மூச்சுக்குழாய்க் குழாயை நிறுத்தும் நாடா, ஆக்சிஜன் முகமூடியின் ரப்பர், ஆடையின் கழுத்துப்பட்டி ஆகிய எதுவும் இணைப்பு இரத்தக் குழாயை அழுத்திவிடலாம். அதனால்தான் பல குழுக்கள் அந்தக் குழாயைத் தோலோடு தைத்தே விடுகின்றன. தலை நடுவில் இருக்கட்டும், படுக்கையின் தலைப்பகுதி 30 பாகை உயர்ந்திருக்கட்டும். இணைப்பு உள்ள பக்கம் எது என்று கேட்டுக்கொண்டு, அப்பக்கம் சாய்ந்து உறங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுத்திலிருந்து வரும் வடிகுழாய்ப் புட்டிகளையும் ஒரு கண் பாருங்கள். முதலில் சிவப்பாக இருக்கும் வடிநீர் நாளடைவில் வெளிர்ந்து குறைய வேண்டும். திடீரெனப் புதுரத்தமாகப் பெருகினாலோ, குழாய் உணவு தொடங்கிய பின் பால்போல் வெளுத்தாலோ, எச்சில்போல் கொழகொழத்தாலோ உடனே தெரிவிக்க வேண்டும். பால்நிற வடிவு, பெரும்பாலும் இடக் கழுத்தில் உள்ள நிணநீர் நாளம் கசிவதைக் காட்டும். கொழுப்பில்லா உணவுக்கு மாற்றினாலே பலருக்கு அது நின்றுவிடுகிறது.

கழுத்துத் துளை வழியே சுவாசம்

குரல்வளை முழுதும் அகற்றப்பட்டவரின் மூச்சுக்குழாய், கழுத்தின் முன்புறத் தோலில் நிரந்தரமாகத் திறக்கிறது. இதை ஸ்டோமா என்கிறோம். மூக்குக்கும் வாய்க்கும் நுரையீரலோடு இனித் தொடர்பு இல்லை. ஆகவே அவசரத்தில் ஆக்சிஜனும் செயற்கைச் சுவாசமும் கழுத்துக்கே தரப்பட வேண்டும். இதை எழுதிய அட்டையைச் சட்டைப்பையிலும் வளையத்தைக் கையிலும் வைத்துக்கொள்வது அவசியம். முகத்தில் முகமூடியைப் பொருத்திவிட்டுக் காத்திருந்தால் உயிர் போய்விடும்.

மூக்கு செய்து வந்த மூன்று வேலைகள், அதாவது காற்றைச் சூடாக்குவது, ஈரமாக்குவது, வடிகட்டுவது, நின்றுபோனதால் சளி பெருகும், காய்ந்து கட்டியாகும். ஸ்டோமாவின் மேல் பொருத்தும் ஈரப்பதக் காப்பு வடிகட்டியை இரவும் பகலும் அணிவதே இதற்குச் சிறந்த தீர்வு. நனைந்தாலோ சளி அடைத்தாலோ மாற்ற வேண்டும், கழுவி மறுபடி பயன்படுத்தக் கூடாது. சளியை உறிஞ்சும் கருவியைக் கையாள, மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் குடும்பத்தில் இருவராவது கற்றுக்கொள்ளுங்கள். குழாயை உள்ளே செலுத்தும்போது உறிஞ்சாமல், வெளியே எடுக்கும்போது மட்டும் உறிஞ்சுவதும், ஒவ்வொரு முறையும் பத்து, பதினைந்து நொடிகளுக்குள் முடிப்பதும் முறை. ஸ்டோமாவைச் சுற்றி இழை உதிரும் பஞ்சைப் பயன்படுத்தாதீர்கள். குளிக்கும்போது காப்பு மறைப்பு அணிய வேண்டும், நீந்துதல் கூடாது. மணம் அறியும் திறனும் மங்கும் என்பதால் எரிவாயுக் கசிவை அவரால் உணர முடியாமல் போகலாம். வீட்டில் புகை, வாயு எச்சரிக்கைக் கருவி வைப்பது வீண்செலவு அன்று.

மறுபடி விழுங்குதல்

உணவுக்குழாயில் விடப்பட்ட மூக்குவழிக் குழாய்தான் முதல் நாட்களின் உயிர்நாடி. அது தவறி வெளியே வந்துவிட்டால் நீங்களோ, புதிதாக வந்த செவிலியரோ மறுபடி செலுத்த முயலக் கூடாது. குழாயின் நுனி புதிய தையலைக் குத்திக் கிழித்துவிடலாம். அறுவை மருத்துவரை அழையுங்கள்.

கதிர்வீச்சு பெறாதவருக்குச் சுமார் ஏழு முதல் பத்து நாளிலும், பெற்றவருக்கு இரண்டு, மூன்று வாரத்திலும் வாய்வழி உணவு தொடங்குவது வழக்கம். அதற்கு முன் எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தை விழுங்கச் செய்து கசிவு உண்டா என்று பார்ப்பார்கள். முதலில் தண்ணீர், பிறகு நீராகாரம், கூழ், மென்மையான உணவு என்று போகும். தோலால் செய்த குழாய் தானாகச் சுருங்கி விரிவதில்லை. உணவு பெரும்பாலும் ஈர்ப்புவிசையால் இறங்குகிறது. எனவே நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு கவளமாக, இடையிடையே நீர் பருகி உண்ண வேண்டும், உண்ட உடனே படுக்கக் கூடாது. சிறுகுடல் துண்டோ தன்போக்கில் அசையும். அதனால் சிலருக்கு விழுங்கிய உணவு சற்று எதுக்களிக்கும்.

ஐந்தாம் நாளுக்குப் பின் கழுத்துத் தோல் சிவந்து தடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையல் வழியே துர்நாற்றமுள்ள நீர் வடிந்தாலோ எச்சில் கசிவை எண்ண வேண்டும். நீங்கள் செய்த தவறால் அது வருவதில்லை. கதிர்வீச்சுக்குப் பிந்தைய அறுவைகளில் அடிக்கடி காணப்படுவதுதான். வாய்வழி உணவை நிறுத்தி, கட்டுப்போட்டு, குழாய் உணவால் ஊட்டம் கொடுத்தால் சிறு கசிவுகள் பல, சில வாரங்களில் தாமே மூடிக்கொள்கின்றன; பெரியவற்றுக்கு மறுபடி ஒரு ஃபிளாப் தேவைப்படலாம். கசிவு உள்ள கழுத்திலிருந்து ஒரு மேசைக்கரண்டி அளவு புதுரத்தம் வந்து தானே நின்றுவிட்டாலும், "நின்றுவிட்டதே" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். பெருந்தமனி வெடிப்பதற்கு முன் சில வேளைகளில் இத்தகைய சிறு கசிவே எச்சரிக்கையாக வரும். மூச்சு விடும் ஸ்டோமாவை மூடாமல், இரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தபடி உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

திசு எடுத்த இடமும் தோளும்

முன்கையில் தோல் எடுத்த இடத்தைத் தொடையிலிருந்து எடுத்த மெல்லிய ஒட்டுத்தோலால் மூடி, சிம்பு வைத்துச் சில நாட்கள் அசையாமல் வைப்பார்கள். விரல்களை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கலாம். தொடையில் எடுத்த இடம் அகலம் குறைவாக இருந்தால் நேரே தைத்துவிட முடியும். நெஞ்சுத்தசை எடுத்தவருக்குக் காறையெலும்பின் மேல் ஒரு மேடு தெரியும். மாதங்கள் செல்லச் செல்லத் தசை வற்றி அது தணியும். பெண்களுக்கு மார்பின் அமைப்பு மாறும் என்பதை அறுவைக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

கழுத்து நிணநீர் முடிச்சுகளை எடுக்கும்போது தோளைத் தூக்கும் நரம்பு பாதிக்கப்படலாம். கை தோளுக்கு மேல் எழாமல் வலித்தால், "காயம் ஆறட்டும்" என்று மாதக்கணக்கில் காத்திருந்தால் மூட்டு இறுகிவிடும். அறுவை மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்தே பிசியோதெரபி பயிற்சிகளைத் தொடங்குங்கள். தாடைக்குக் கீழ் காலையில் அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் தெரியும் வீக்கம் நிணநீர்த் தேக்கமாக இருக்கலாம். தலையை உயர்த்தி உறங்குவதும், பயிற்சி பெற்றவர் கற்றுத்தரும் மென்மையான நீவலும் அதைக் குறைக்கும். தானாக அழுத்தித் தேய்ப்பது கூடாது.

குரலும் தொடர் கவனிப்பும்

கதிர்வீச்சு தேவைப்பட்டால் அறுவை நடந்து ஆறு வாரத்துக்குள் தொடங்குவதே நல்லது. காயம் விரைந்து ஆற வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

பேச மூன்று வழிகள் உள்ளன: கழுத்தில் வைத்து அதிர்வூட்டும் மின்கருவி, உணவுக்குழாயில் காற்றை ஏற்றி ஏப்பம்போல் ஒலி எழுப்பும் பயிற்சி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே பொருத்தும் ஒருவழி வால்வு. பிளாம், சிங்கர் இருவரும் 1980இல் வெளியிட்ட வால்வு முறையே இன்று பரவலாகப் பயன்படுகிறது. ஃபிளாப் குழாயில் எழும் குரல் சற்று ஈரமாகவும் கனமாகவும் ஒலிக்கும்; தெளிவு பயிற்சியால் கூடும். வால்வைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். நிறமுள்ள பானம் குடிக்கும்போது ஸ்டோமாவில் நிறம் கசிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. வால்வு கழன்றுவிட்டால் அது நுரையீரலுக்குள் போயிருக்கலாம் என்று கருதி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தைராய்டு சுரப்பியின் ஒரு பகுதி அறுவையில் போயிருந்தாலோ கதிர்வீச்சு பட்டிருந்தாலோ அதன் சுரப்பு மெல்லக் குறையும். சோர்வு, குளிர் தாங்காமை, ஆறாத காயம் ஆகியவற்றை எல்லாம் புற்றுநோயின் தலையில் கட்டிவிடாமல், ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நன்றாக விழுங்கிக்கொண்டிருந்தவருக்குச் சில மாதங்கள் கழித்துத் திட உணவு சிக்கத் தொடங்கினால், இணைப்பில் தழும்பு சுருங்கியிருக்கலாம். விரிவாக்கும் சிகிச்சையால் அது சரியாகும். ஆனால் நோய் திரும்பி வருவதும் இதே அறிகுறியோடு தொடங்கக்கூடும் என்பதால், உள்நோக்கியால் பார்த்து உறுதி செய்யாமல் வெறும் தழும்பு என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது.